அப்பாவின் ஸ்கோர் ஏறுது... பால் கணக்கு?

என் அப்பா ரிடையர்டு அக்கவுன்டன்ட். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் எழுதியவர். ஒரு பைசா உதைத்தாலும் ராத்திரி சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர் போன வருஷம் பால்காரருக்கு ஒரே மாசத்தில் இரண்டு தடவை பணம் கொடுத்தார். (அவரும் மூச்சு விடாமல் வாங்கிக்கொண்டார் என்பது தனிக்கதை!)

டாக்டர் முதலில் தைராய்டு, பி-12, தூக்கம், மனச்சோர்வு, தினமும் விழுங்கும் மாத்திரைகள் என்று எல்லாவற்றையும் விசாரித்தார். இவற்றில் எது தகராறு செய்தாலும் ஞாபகம் மங்குமாம். சரிசெய்தால் தெளியவும் வாய்ப்பு உண்டாம். அப்பாவுக்கு அதெல்லாம் நார்மல். கடைசியில் 'மைல்ட் காக்னிடிவ் இம்பேர்மென்ட்' என்று எழுதினார். அதாவது, வயசுக்கு மீறிய மறதி. ஆனால் குளியல், சாப்பாடு, கடை கண்ணி எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். இது டிமென்ஷியா அல்ல. சிலருக்கு அதில் போய் முடியும். சிலர் இப்படியே இருப்பார்கள். சிலர் பழையபடி தேறியும் விடுவார்கள்.

நம்மைப் போன்ற மாதச் சம்பளப் பிள்ளைகள் இதற்கு என்ன செய்வோம்? எதையாவது வாங்கிக் கொடுப்போம். நானும் வாங்கினேன். ஒரு டேப்லெட், அதில் 'மூளைப் பயிற்சி' விளையாட்டு, வருஷ சந்தா. முதல் வாரம் அப்பாவின் ஸ்கோர் 900. மூன்றாவது மாசம் 4,200! வீடே குஷி. அந்த மாசமும் பால்காரருக்கு டபுள் பேமென்ட்.

கோளாறு இங்கேதான். டைப்பிங் ஸ்பீடு ஏறினால் இங்கிலீஷும் தானாக வந்துவிடுமா, ஸார்? எந்த விளையாட்டை ஆடுகிறோமோ அதில் தேறுவோம். அந்தத் தேர்ச்சி பால் கணக்குக்கும் வந்து சேருமா என்பதுதான் கேள்வி. வந்து சேரும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக, 'லூமாசிட்டி' விளையாட்டுகளை விற்ற லூமோஸ் லேப்ஸ் கம்பெனியை 2016-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 20 லட்சம் டாலர் கட்டிச் சமாதானமானார்கள்.

சரி, எதுதான் உதவும்? அங்கேயே ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்து தேவானந்த் (ஹிந்தி ஹீரோ இல்லை, மனநல டாக்டர்), டியூக் பல்கலைக்கழகத்து முரளி துரைசாமி குழுவினர். அப்பாவுக்கு இருப்பதே போன்ற மறதி உள்ள 107 பேர். ஒரு கோஷ்டிக்குக் கம்ப்யூட்டரில் மூளை விளையாட்டு. இன்னொரு கோஷ்டிக்கு அதே கம்ப்யூட்டரில் குறுக்கெழுத்துப் புதிர். முதல் 12 வாரம் தீவிரப் பயிற்சி, அப்புறம் அவ்வப்போது கொஞ்சம். மொத்தம் 78 வாரம்.

விளையாட்டுதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2022-ல் ரிசல்ட் வந்தபோது ஜெயித்தது குறுக்கெழுத்து! ஞாபகப் பரிசோதனையில் அந்தக் கோஷ்டி லேசாக முன்னேறியிருந்தது, விளையாட்டுக் கோஷ்டி லேசாகச் சறுக்கியிருந்தது. ஸ்கேனில் பார்த்தால் மூளை சுருங்குவதும் புதிர்க்காரர்களுக்குக் குறைவு.

உடனே பேப்பரும் பேனாவுமாகக் கிளம்பிவிடாதீர்கள். காமர்ஸ் படித்தவன் என்பதால் கணக்கின் அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வித்தியாசம் சுமார் ஒன்றரை மார்க்தான். இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள் என்று ஒரு கோஷ்டியை வைத்து ஒப்பிடவில்லை. ஆட்களும் 107 பேர்தான். ஆகவே 'குறுக்கெழுத்து போட்டால் டிமென்ஷியா வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் டேப்லெட் இப்போது பையன் கையில். அப்பாவுக்கு வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்து. நம்ம ஊர்ப் புதிரில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலு திசையும் உண்டே, கேட்க வேண்டுமா! பால் பணத்துக்கு ஒரு நோட்டுப் போட்டாச்சு. கொடுத்ததும் தேதி போட்டு எழுதுவார். நான் ராத்திரி ஒரு பார்வை பார்ப்பேன்.

போன ஞாயிறு, "டேய், கீழிருந்து மேல், நாலெழுத்து, 'கடன்பட்டவன் தேடுவது'... என்னடா?" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்து, "வட்டிக்கடை" என்றேன்.

"அது ஆறெழுத்துடா. பி.காம். படிச்சவன்தானே நீ?" என்றார் அப்பா.