ஊர் ஊராகப் போன குதிரைகள்

குழந்தைகளே... ஓடாமலேயே நாடு விட்டு நாடு போன நான்கு குதிரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? செம்பில் வார்த்து, தங்கப் பூச்சு பூசிய சிலைகள் அவை. ஒவ்வொன்றும் நிஜக் குதிரை அளவு இருக்கும்!

துருக்கியில் உள்ள இஸ்தான்புல் நகருக்கு, அந்தக் காலத்தில் கான்ஸ்டான்டிநோபிள் என்று பெயர். அங்கிருந்த பெரிய ரதப் பந்தய மைதானத்தில் தான் இந்தக் குதிரைகள் நின்றன.

சிலுவைப்போர் வீரர்கள் சிலர், எகிப்து மீது படையெடுக்கப் புறப்பட்டனர். கப்பல் கொடுத்தது வெனிஸ் நகரம். பேசிய கூலியைக் கொடுக்க அவர்களிடம் பணம் போதவில்லை. அந்த நேரம் பார்த்து, கான்ஸ்டான்டிநோபிளில் பதவி இழந்த மன்னரின் மகன், 'என் தந்தைக்கு அரியணையை மீட்டுக் கொடுங்கள். பணம் தருகிறேன்' என்று ஆசை காட்டினான். படை வழி மாறியது. அரியணை கிடைத்தது, சொன்ன பணம் முழுசாக வரவில்லை!

விளைவு, 1204ல் அந்த நகரம் மூன்று நாட்கள் சூறையாடப்பட்டது. கொள்ளையடித்தவர்களும் கிறிஸ்தவர்கள், பறிகொடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள். அருமையான வெண்கலச் சிலைகளை எல்லாம் உருக்கிக் காசாக அடித்தனர். எத்தனை சிற்பிகளின் உழைப்பு! அதை நினைத்தால் தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

குதிரைகள் எப்படியோ தப்பின. வெனிஸ் தலைவர் என்ரிகோ டாண்டோலோ, கண்பார்வை இழந்த முதியவர். அவர் காலத்தில் அவை கப்பலேறி வெனிஸ் போயின. புனித மாற்கு ஆலய வாசலுக்கு மேலே அவற்றை நிறுத்தினர்.

ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நின்றன. 1797ல் நெப்போலியன் வெனிஸைப் பிடித்தார். குதிரைகள் பாரிசுக்குப் பயணம்! 1798ல் சிங்கம், ஒட்டகங்களோடு அவற்றையும் வீதியில் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். பிறகு ஒரு வெற்றி வளைவின் உச்சியில் ஏற்றினர்.

1815ல் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதும், 'உரியவர்களிடம் ஒப்படை' என்று குதிரைகள் திருப்பி அனுப்பப்பட்டன. எங்கே தெரியுமா? வெனிசுக்கு! கான்ஸ்டான்டிநோபிளை யாரும் கேட்கவில்லை.

காற்று மாசு அரித்துவிடாமல் இருக்க, அசல் குதிரைகளை இப்போது ஆலயத்துக்குள்ளே உள்ள அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மேலே நிற்பவை நகல்கள்.

இஸ்தான்புல்லில் அந்தப் பந்தய மைதானம் இருந்த இடம், இன்று ஒரு திறந்தவெளிச் சதுக்கம். நடுவே உயரமான ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் பறவை, கண் என்று சித்திர எழுத்துக்கள் இருக்கும். அது எகிப்திலிருந்து வந்தது; கி.பி., 390ல், ரோமப் பேரரசர் தியோடோசியஸ் அங்கே நிறுத்தியது!