வாதாபிக் கல்லும் பாட்டி கதையும்

போன ஞாயிற்றுக்கிழமை, உட்லண்ட்ஸ் வீட்டில் அம்மா சிறுத்தொண்டர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடியவர் கேட்டாரென்று பெற்ற மகனையே கறி சமைத்தவர். உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகன் பாதியிலேயே மறித்தான்: “பாட்டி, இதுக்கு ஆதாரம் இருக்கா?” அம்மாவின் முகம் வாடிவிட்டது. வானொலியில் தினமும் “தகவலைச் சரிபார்த்தாச்சா?” என்று கேட்பவள் நான், அவனை எப்படிக் கடிந்துகொள்வது?

சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். சிறுத்தொண்டர் காலமோ 7ஆம் நூற்றாண்டு. ஆனால், பரஞ்சோதி என்ற படைத்தலைவராக அவர் வாதாபியை அழித்தார் என்கிறாரே, அந்தப் போர் கற்பனையில்லை. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642 வாக்கில் அந்நகரைப் பிடித்தான். கர்நாடகத்தில் இன்று பாதாமி எனப்படும் அவ்வூர்ப் பாறையில் அவன் கல்வெட்டு இருக்கிறது. சிறுத்தொண்டரைத் தேவாரத்தில் பாடிய சம்பந்தரின் காலத்தையே ஆய்வாளர்கள் இந்தப் போரை வைத்துத்தான் கணித்தார்கள். பிள்ளைக்கறிக்கு மட்டும் எந்தக் கல்லும் சாட்சியில்லை.

கல்வெட்டுப் படத்தைக் கைப்பேசியில் தேடி மகன் பாட்டியிடம் நீட்டினான். அம்மா கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்தார்.

“போர் நடந்தது சரிடா. கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை திரும்ப ஓடி வந்தான். அதைச் சொல்றதுக்குள்ள நீ நிறுத்திட்டியே.”