மெதுவான திரைக்கு ஏன் இவ்வளவு மவுசு? எழுதவும் கோடிங் செய்யவும் கைகொடுக்குமா 'இ-பேப்பர்'?

லேப்டாப்பைத் திறந்தாச்சு. புது ஃபைல், வெள்ளைப் பக்கம், துடிக்கும் கர்சர். முதல் வாக்கியம் பாதியில் நிற்கும்போது ஒரு சொல்லின் மீது சந்தேகம் வருகிறது. 'ஒரு செகண்ட் பார்த்துட்டு வந்துடலாம்' என்று பிரவுசர் திறக்கப்படுகிறது. அங்கே கிரிக்கெட் ஸ்கோர், பக்கத்து டேபில் ஆபீஸ் சாட், சாட்டில் ஒரு லிங்க். இருபது நிமிடம் கழித்து ஃபைலுக்குத் திரும்பினால், அந்தப் பாதி வாக்கியம் எதற்காக ஆரம்பித்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

இது யாரோ ஒருவரின் சோம்பேறித்தனம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் மனிதர்களின் கவனம் எப்படி நகர்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக அளந்துவருபவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகப் பேராசிரியர் குளோரியா மார்க். அவரது கணக்குப்படி, 2004-ல் ஒருவரின் கவனம் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. 2012-ல் அது 75 விநாடி ஆனது. பிறகு 47 விநாடிக்கு இறங்கிவிட்டது. இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதி வெளியிலிருந்து வருவதே இல்லை. நாமே நம்மைக் குறுக்கிட்டுக்கொள்கிறோம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் சில எழுத்தாளர்களும் புரோகிராமர்களும் ஒரு வினோதமான பொருளைத் தேடிப்போகிறார்கள். கலர் சரியாக வராத, வீடியோ ஒழுங்காக ஓடாத, ஒரு பக்கம் மாறவே யோசிக்கும் திரை. கிண்டிலில் பார்த்துப் பழகிய அதே 'இ-பேப்பர்'. படிப்பதற்காக வந்த இந்தத் திரையில் எழுதவும் கோடிங் செய்யவும் முடியுமா? முடியும் என்றால், அதற்குக் கொடுக்கும் காசு வொர்த்தா?

திரைக்குள் என்ன நடக்கிறது?

போன், லேப்டாப் திரைகள் ஒளியை நம் கண்ணை நோக்கி வீசுபவை. இ-பேப்பர் அப்படி இல்லை. அறையின் வெளிச்சம் அதன் மீது பட்டுத் திரும்புகிறது, காகிதத்தைப் போலவே. இருட்டில் படிக்க விளக்கு தேவைப்பட்டால், அதுவும் பின்னாலிருந்து வராது. ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் படரும்.

இந்தத் திரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது 'இ-இங்க்' நிறுவனத்தின் தொழில்நுட்பம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜோசப் ஜேக்கப்சனும் அவரது மாணவர்களும் உருவாக்கிய யோசனையிலிருந்து 1997-ல் பிறந்த நிறுவனம் அது. 2004-ல் சோனியின் 'லிப்ரியே' ரீடர் இந்தத் திரையுடன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2007-ல் அமெரிக்காவில் அறிமுகமான அமேசானின் கிண்டில் அதைப் பரவலாக்கியது.

வேலை செய்யும் விதம் எளிது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் லட்சக்கணக்கான குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த எண்ணெய் போன்ற திரவம், அதில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். வெள்ளைக்கு ஒரு மின்னூட்டம், கறுப்புக்கு அதற்கு எதிர் மின்னூட்டம். மின்புலத்தைத் திருப்பினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள்கள் அப்படியே நின்றுவிடும். எனவே எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டாம், மாற்றும்போது மட்டும் போதும். கிண்டில் பேட்டரி வாரக்கணக்கில் தாங்குவதற்கு இதுதான் காரணம்.

ஏன் இவ்வளவு ஸ்லோ?

அதே காரணம்தான். சாதாரண போன் திரை விநாடிக்கு 60 முறை புதிய படத்தைக் காட்டுகிறது. இ-பேப்பரில் துகள்கள் திரவத்துக்குள் நீந்தி இடம் மாற வேண்டும். சாம்பல் நிறச் சாயல்களோடு ஒரு பக்கம் சுத்தமாக மாற ஏறக்குறைய அரை விநாடி பிடிக்கும். குளிரில் திரவம் கெட்டிப்படுவதால் இன்னும் தாமதமாகும்.

வேகம் வேண்டுமென்றால் கறுப்பு, வெள்ளை இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அவசரமாக மாற்றலாம். ஆனால் எல்லாத் துகள்களும் சரியாகப் போய்ச் சேராது. பழைய எழுத்தின் நிழல் மங்கலாகத் தங்கிவிடும். இதற்குப் பெயர் 'கோஸ்டிங்'. அதைத் துடைக்க, திரை அவ்வப்போது முழுக் கறுப்பாகி, வெள்ளையாகி ஒருமுறை பளிச்சிடும். புத்தகம் படிக்கும்போது இது பெரிய விஷயமில்லை. நிமிடத்துக்கு 40 சொல் தட்டும்போது நிச்சயம் உறுத்தும்.

இந்த இடத்தில்தான் புது முயற்சிகள் நடக்கின்றன. சீனாவின் டாசங், ஓனிக்ஸ் பூக்ஸ் நிறுவனங்கள் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இ-பேப்பர் மானிட்டர்களையே விற்கின்றன. பூக்ஸின் 'மீரா' 13.3 அங்குலம், 'மீரா ப்ரோ' 25.3 அங்குலம். அமெரிக்காவின் 'மோடோஸ்' குழு, யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. வழக்கமான கன்ட்ரோலர்கள் ஒரு மாற்றத்தை முடித்த பிறகுதான் அதே இடத்தில் அடுத்ததைத் தொடங்கும். மோடோஸ் முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனிக் கணக்கு. புது உத்தரவு வந்தால் பழையதைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பலாம். விநாடிக்கு 75 முறை வரை உத்தரவு போகும். துகள் நீந்தும் வேகம் கூடவில்லை, வரிசையில் நிற்கும் நேரம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் டைப் செய்பவரின் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

எழுதுபவர்களுக்கு என்ன லாபம்?

2014 டிசம்பரில் 'ஹெமிங்ரைட்' என்ற பெயரில் ஒரு கருவிக்குக் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டினார்கள். எழுத்தாளர் ஹெமிங்வேயின் நினைவாக வைத்த பெயர். டைப்ரைட்டர் மாதிரி உடம்பு, கனமான மெக்கானிக்கல் கீபோர்டு, நடுவில் சின்ன இ-பேப்பர் திரை. 2016-ல் 'ஃப்ரீரைட்' என்று பெயர் மாறி வாடிக்கையாளர் கைக்கு வந்தது. பிரவுசர் கிடையாது, மெயில் கிடையாது. எழுதியதை வைஃபை வழியாக கிளவுடில் சேமிக்கும், அவ்வளவுதான். முதல் மாடலில் கர்சரை மேலே கீழே நகர்த்தும் அம்புக்குறி கீ கூட இல்லை. திருத்தம் பிறகு, முதலில் எழுதி முடி என்பதுதான் அதன் கொள்கை.

நார்வேயின் 'ரீமார்க்கபிள்' டேப்லெட் 2017-ல் பேனாவோடு வந்தது. பின்னர் கீபோர்டு உறையும் சேர்ந்தது. அதிலும் ஆப் ஸ்டோர் இல்லை, சோஷியல் மீடியா இல்லை.

இவற்றில் ஸ்லோவாக இருப்பதே ஒரு வேலை செய்கிறது. ஒவ்வொரு எழுத்தும் சற்றுத் தாமதமாகத் தெரிவதால், எழுதுபவர் திரையைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டு அடுத்த வாக்கியத்தை யோசிக்கிறார். பின்னால் போய் ஒரு சொல்லை மாற்றுவது தொல்லை, அதனால் முன்னால் போகிறார். முதல் டிராஃப்ட்டுக்கு இது வரம். எடிட்டிங்குக்கு இதுவே தலைவலி.

கோடிங்குக்குச் சரிப்படுமா?

பாதி சரிப்படும். கோட் என்பது அடிப்படையில் எழுத்துதான். டெர்மினல், பைத்தான் ஃபைல், லாக், டாக்குமென்டேஷன் எல்லாம் கறுப்பு வெள்ளையில் நன்றாகவே தெரியும். ஜன்னலோரம், மொட்டை மாடி, வெயில் அடிக்கும் பால்கனி என்று லேப்டாப் திரை மங்கிப்போகும் இடங்களில் இ-பேப்பர் இன்னும் தெளிவாகும்.

ஆனால் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். எடிட்டரில் 'டார்க் மோடு' வேண்டாம், வெள்ளைப் பின்னணியில் அழுத்தமான கறுப்பு எழுத்துதான் தெளிவு. நிறத்தை வைத்துக் கோடைப் பிரித்துப் பார்ப்பவர்கள், தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று தீமை மாற்றிக்கொள்ள வேண்டும். கர்சர் துடிப்பதையும் அனிமேஷன்களையும் அணைத்துவிட வேண்டும். ஸ்க்ரோல் செய்தால் திரை முழுக்க நிழல் படியும், அதனால் பக்கம் பக்கமாகத் தாவுவது மேல். 'விம்' போன்ற கீபோர்டு எடிட்டர் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

வெப்சைட் டிசைன், கலர் சரிபார்ப்பு, வேகமாக ஓடும் லாக், வீடியோ கால் இதற்கெல்லாம் பழைய மானிட்டர்தான் கதி. அதனால் இ-பேப்பரை இரண்டாவது திரையாக வைத்துக்கொண்டு, படிக்க வேண்டியதை மட்டும் அங்கே தள்ளிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தமிழில் டைப் செய்தால்?

ஆங்கிலத்தில் ஒரு கீ தட்டினால் ஒரு எழுத்து புதிதாக வரும், அவ்வளவுதான். தமிழில் ஏற்கெனவே வந்த எழுத்தும் மாறும். தமிழ்99-ல் 'கொ' வேண்டுமென்றால் முதலில் 'க' தோன்றும். அடுத்த கீயில் அந்த 'க' நகர்ந்து, இடதுபக்கம் கொம்பும் வலதுபக்கம் காலும் முளைக்கும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழுக்கு மாற்றுபவர்களுக்கு, பரிந்துரைச் சொற்களின் பட்டியலும் நொடிக்கு நொடி மாறும். ஸ்லோவான திரைக்கு இது கூடுதல் வேலை. எழுதிய இடத்தில் லேசான நிழலும் தங்கும்.

பூக்ஸ் டேப்லெட்டுகள் ஆண்ட்ராய்டில் ஓடுவதால் தமிழ் கீபோர்டு ஆப் போட்டுக்கொள்ளலாம். மானிட்டர் வகையிலும் பிரச்னை இல்லை, டைப்பிங்கைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். எழுதுவதற்கு மட்டுமேயான கருவிகளில் வேறு ஆப் எதையும் சேர்க்க முடியாது. தமிழ் வருமா என்று கேட்டு உறுதிசெய்யாமல் காசு கட்டுவது வீண்.

கண்ணுக்கு நல்லதா?

'கண் கூசாது' என்பது நியாயமான வாதம். 'கண் கெடாது' என்று யாராவது விற்றால் கொஞ்சம் யோசிக்கலாம். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதாக ஆதாரம் இல்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. நீல ஒளித் தடுப்புக் கண்ணாடியையும் அது பரிந்துரைக்கவில்லை. கண் எரிச்சலுக்கு அது சொல்லும் முக்கியக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுவது. இ-பேப்பரை இமைக்காமல் இரண்டு மணி நேரம் பார்த்தாலும் கண் வறளத்தான் செய்யும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது எந்தத் திரைக்கும் பொருந்தும்.

கவனத்தைக் காப்பாற்றுவது திரையா?

இங்கேதான் விளம்பரங்கள் சொல்லாத விஷயம் இருக்கிறது. 'ஆல்ஃபாஸ்மார்ட் நியோ' என்று ஒரு கருவி இருந்தது. பள்ளி மாணவர்கள் டைப் செய்வதற்காக அமெரிக்காவில் விற்கப்பட்டது. நான்கைந்து வரி காட்டும் சாதாரண எல்.சி.டி. திரை, மூன்று பென்சில் பேட்டரியில் சுமார் 700 மணி நேரம் ஓட்டம். 2013-ல் உற்பத்தி நின்ற பிறகும் எழுத்தாளர்கள் அதைப் பழைய சாமானாகத் தேடி வாங்கினார்கள். அதில் இ-பேப்பரே இல்லை.

ஜப்பானின் கிங் ஜிம் நிறுவனம் எழுதுவதற்கென்றே விற்கும் 'பொமேரா' வரிசையில், 2018-ல் வந்த டிஎம்30 மாடலுக்கு இ-பேப்பர் திரை வைத்தது. 2022-ல் வந்த டிஎம்250 மீண்டும் எல்.சி.டி.தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின், இன்டர்நெட் இல்லாத ஒரு டாஸ் கம்ப்யூட்டரில், 'வேர்ட்ஸ்டார் 4.0' என்ற 1980-களின் மென்பொருளில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றுக்கும் பொதுவானது திரையின் வகை இல்லை. அந்தக் கருவியில் வேறு எதுவும் செய்ய முடியாது என்பதுதான். மறுபக்கம், ஆண்ட்ராய்டு இ-பேப்பர் டேப்லெட்டில் வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்தால் அது கறுப்பு வெள்ளையிலும் 'டொய்ங்' என்றுதான் சத்தம் போடும். ஆனாலும் ஒரு உதவி உண்டு. ரீல்ஸ் அதில் பார்க்கச் சகிக்காது. குறுக்கீடுகளில் பாதி நம்மிடமிருந்தே வருகிறது என்றால், இந்தச் சலிப்புக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

அப்போ வாங்கலாமா?

பெரிய இ-பேப்பர் மானிட்டர்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஃப்ரீரைட் போன்றவையும் மலிவு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி வரியும் சேரும். ஒரு இளம் ஊழியரின் மாதச் சம்பளத்தில் பெரிய பங்கை இது விழுங்கிவிடலாம்.

எனவே முதலில் காசில்லாத சோதனை. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, திரையை கிரேஸ்கேலுக்கு மாற்றி, ஒரே ஒரு எடிட்டரை ஃபுல் ஸ்க்ரீனில் வைத்து, போனை அடுத்த அறையில் விட்டுவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் என இரண்டு வாரம் எழுதிப் பார்க்கலாம். பக்கங்கள் கூடினால், வேண்டியிருந்தது திரை இல்லை, தனிமைதான் என்று தெரிந்துவிடும். வைஃபையை ஆன் செய்ய விரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனால், ஆன் செய்யவே முடியாத ஒரு கருவிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. எழுத்து ஓடுகிறது, கண் மட்டும்தான் கூசுகிறது என்றால் இ-பேப்பர் மானிட்டரை யோசிக்கலாம்.

இந்த மூன்றில் எது தன் பிரச்னை என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும். அந்த பாதி வாக்கியத்தையும் அதற்குள் முடித்துவிடலாம்.