நோய்ப்படுக்கையருகே ஒரு நாட்குறிப்பு

ஒரு வீட்டிற் கணவனோ மனைவியோ கொடுநோய்க்கு ஆளாகிவிட்டால் அவ்வீட்டிலே நோயாளர் இருவர் என்றே கொள்ளல் வேண்டும். பாயிற் கிடப்பவர் ஒருவர். பாயருகே விழித்திருப்பவர் மற்றொருவர். முன்னவரை வைத்தியர் வந்து பார்க்கின்றார். உற்றாரும் அயலாரும் தோடம்பழமும் இளநீரும் கொண்டுவந்து சுகம் விசாரிக்கின்றனர். பின்னவரைப் பார்த்து, “நீர் சாப்பிட்டீரோ, உறங்கினீரோ?” என்று கேட்பார் அரியர். கேட்டாலும், “எனக்கென்ன குறை?” என்று சொல்லி அவர் அடுக்களைப் பக்கம் எழுந்து போய்விடுவார்.

அங்ஙனம் விழித்திருப்போருட் சிலர் தேவாரம் ஓதுவர். சிலர் செபமாலையைப் பற்றிக்கொள்வர். சிலர் வீட்டு வேலையிலே தம்மை மறப்பர். மிகச் சிலர் பேனாவை எடுப்பர். இக்கடைசிக் கூட்டத்தாரைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம். அவர்களுள் ஒருவர், இங்கிலாந்திலே தம் மனைவியின் நோய்ப்படுக்கையருகே இருந்து, நம் தமிழெழுத்தையும் சிங்கள எழுத்தையும் கலந்து நாட்குறிப்பு எழுதியவர் என்றால் வியப்பாயிருக்குமன்றோ?

அவர் பெயர் லெனாட் வூல்ஃப். இலங்கை வாசகருக்கு அப்பெயர் புதிதன்று. தென்னிலங்கைக் காட்டுக் கிராமமொன்றின் அழிவைக் கூறும் அவருடைய நாவலே ‘பெத்தேகம’ என்ற பெயரில் 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய திரைப்படமாயிற்று. 1904ஆம் ஆண்டின் முடிவில், 24 வயது இளைஞராய், ஒரு நாயோடும் வோல்தேயரின் நூற்றொகுதிகளோடும் கொழும்பில் வந்திறங்கியவர் அவர். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்றினார். தமிழ் கற்றார். அன்றைய துரைமார் தமிழ் கற்றது நம்மீது கொண்ட காதலினாலன்று. மொழிப் பரீட்சையிலே தேறாதவருக்குச் சிவில் சேவையில் உயர்வு இல்லை. இளந்துரை கடுமையானவர் என்று யாழ்ப்பாணத்தார் முறைப்பாடு எழுதியதும் உண்டு. அதனை அவரே பிற்காலத்திற் தம் சுயசரிதையில் ஒளிக்காது கூறியுள்ளார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கும், அங்கிருந்து 1908இல் அம்பாந்தோட்டைக்கும் மாற்றம் பெற்றார். அம்பாந்தோட்டையில் அவர் உதவி அரசாங்க அதிபர். அப்பதவியில் இருந்தோர் நாள்தோறும் நடந்தவற்றை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புதல் விதி. எந்த வீதியிற் பாலம் உடைந்தது, உப்பளத்தில் எவ்வளவு உப்பு விளைந்தது, எந்தக் கிராமத்தில் மாடுகளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று என்றெல்லாம் 1911 வரை எழுதினார். உணர்ச்சி மிகாத எழுத்து அது. கண்டதைக் கண்டவாறு, அன்றன்றைக்கே எழுதிவிடும் அந்தப் பழக்கம் தமக்கு வேறொரு காலத்தில் உதவும் என்று அவர் அன்று எண்ணியிருக்க மாட்டார்.

1911இல் விடுமுறையிற் தாயகம் சென்றவர் மீண்டும் பதவிக்குத் திரும்பவில்லை. 1912 ஆகஸ்ட் 10ஆம் நாள் வேர்ஜினியா ஸ்ரீவன் என்னும் பெண்ணை மணந்தார். உலகம் பின்னர் வேர்ஜினியா வூல்ஃப் என்று அறிந்த பெரும் எழுத்தாளர் அவரே. வேர்ஜினியாவுக்குத் தாயார் இறந்த 1895ஆம் ஆண்டிலேயே, 13 வயதில், முதன்முறை மனநோய் கண்டிருந்தது. தந்தையார் இறந்த 1904இலும் அது திரும்பியது. திருமணமாகி ஓராண்டு நிறையுமுன், அவருடைய முதல் நாவல் வெளியீட்டாளர் கைக்குச் சென்ற சில மாதங்களில், நோய் மீண்டும் கிளர்ந்தது. உறக்கம் நீங்கிற்று, உணவு வெறுத்தது, தாம் பெருங்குற்றவாளி என்ற எண்ணம் அவரை வாட்டிற்று. 1913 செப்டெம்பர் 9ஆம் நாள் அவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மயிரிழையிற் பிழைத்தார்.

இந்த 1913ஆம் ஆண்டிலேதான் லெனாட் வூல்ஃப் தம் சட்டைப்பைக் குறிப்பேட்டிலே மறையெழுத்துக்களை எழுதத் தொடங்கினார். மனைவி எத்தனை மணிநேரம் உறங்கினார், எவ்வளவு உண்டார், மனநிலை எவ்வாறிருந்தது, தலைவலி உண்டா என்பனவே அக்குறிப்புகளின் பொருள். புலம்பல் இல்லை, தெய்வத்தை நோவதும் இல்லை. ஏறத்தாழ அம்பாந்தோட்டை நாட்குறிப்பின் நடையே அது. எழுத்து மாத்திரம் மாறியிருந்தது.

மறையெழுத்து எதற்கு? குறிப்பேடு மேசையில் திறந்து கிடந்தால் மனைவியின் கண்ணிற் படலாம், தாதியர் படிக்கலாம். தம்மை ஒருவர் நாள்தோறும் அளந்து எழுதுகின்றார் என்பதை அறிந்தால் நோயாளியின் உள்ளம் என்ன பாடுபடும்! இந்த அச்சமே காரணமாயிருக்கும் என்பது நம் கருத்து. அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தவை பரீட்சைக்காகக் கற்ற நம் எழுத்துக்கள். இலண்டனில் அவற்றைப் படிக்கத்தக்கவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

ஒரு வேளை உணவை ஊட்டி முடிக்கவே ஒரு மணிநேரமும் அதற்கு மேலும் சென்றதென அவர் எழுதியுள்ளார். சில காலம் நான்கு தாதியர் தேவைப்பட்டனர். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வைத்தியருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அரசாங்க வேதனமோ இல்லை. இந்நிலையிற் குறிப்பேட்டின் அந்தச் சில வரிகள் அவருக்கு என்ன செய்தன? நோயின் தன்மை என்னவென்றால், அது நாட்களை ஒன்றோடொன்று குழைத்துவிடும். நேற்றும் இன்றும் ஒன்றாகத் தோன்றும். முடிவே இல்லை என்று நெஞ்சு சோரும். நேற்று மூன்று மணிநேரம் உறங்கியவர் இன்று நான்கு மணிநேரம் உறங்கினார் என்று தாளில் இருந்தால், நெஞ்சு சொல்வதற்கு எதிராக ஒரு சான்று கையில் இருக்கிறது. கூடியிருந்தால் ஆறுதல், குறைந்திருந்தால் வைத்தியரிடம் சொல்வதற்குத் துல்லியமான செய்தி. எழுதுவதால் துயரம் ஆறுகிறது என்று பொதுப்படச் சொல்வதிலும் இவ்வாறு சொல்வதே உண்மைக்கு அண்மையானது என்று எண்ணுகின்றோம்.

எழுத்து ஒன்றே அவரைத் தாங்கிற்று என்றும் சொல்லிவிட முடியாது. 1914 மார்ச்சில் அவருக்கே கடுந்தலைவலி கண்டது. மனைவியைப் பிறர் பொறுப்பில் விட்டு, நண்பர் வீட்டிற் சில நாள் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. பேனா எத்தகையதாயினும் ஓர் இரவு உறக்கத்துக்கு அது ஈடாகாது.

இனி ஒரு பெரும் முரண்பாட்டைக் கூறவேண்டும். கணவர் எழுதிக்கொண்டிருந்தார், மனைவிக்கோ எழுதத் தடை! அக்காலத்து வைத்திய முறை அப்படி. படுக்கை, பால், உறக்கம், அமைதி. படிப்பும் எழுத்தும் மூளையைக் கிளறும் ஆகையால் ஆகா. எழுத்தையே உயிராகக் கொண்ட ஒருத்திக்கு இது மருந்தா, தண்டனையா? பிற்காலத்தில், 1925இல் வெளிவந்த ‘மிஸிஸ் டலோவே’ என்னும் நாவலிலே அத்தகைய வைத்தியரை அவர் எவ்வளவு சினத்தோடு வரைந்தார் என்பதைப் படித்தவர் அறிவர். வைத்தியர் சொற்படி நடந்த கணவரைக் குறைகூறும் ஆராய்ச்சியாளரும் இன்று உளர். அவர் அதிகம் கட்டுப்படுத்தினார் என்பர். நாம் அவ்வளவு விரைவிற் தீர்ப்புக் கூற மாட்டோம். நோயாளியருகே இருப்பவர் எந்த வைத்தியரை நம்புவது, எவ்வளவு நம்புவது என்று இரவோடிரவாகத் தாமே முடிவு செய்ய வேண்டியவர். ஆயினும் அந்தத் தடையாற் பட்ட நோவு வேர்ஜினியாவினுடையது என்பதையும் மறைத்தல் ஆகாது.

1915 ஜனவரி 25ஆம் நாள் வேர்ஜினியாவின் பிறந்தநாள். அன்று கணவனும் மனைவியும் தேநீர் அருந்தியபடி மூன்று முடிவுகள் செய்தனர். ரிச்மண்டில் ஒரு வீடு எடுப்பது. ஓர் அச்சியந்திரம் வாங்குவது. ஒரு நாய் வளர்ப்பது. நாய்க்குப் பெயரும் வைத்தாயிற்று! அடுத்த மாதமே நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று. சில வாரங்கள் கணவரோடு பேசவும் மறுத்தார். கணவரோ குறிப்பேட்டை விடவில்லை. அவ்வாண்டிலேயே, நாடுகளிடையே போர் நேராமற் தடுப்பது எங்ஙனம் என்ற பேராராய்ச்சி ஒன்றிலும் ஈடுபட்டார். அது 1916இல் நூலாயிற்று. பாயருகே இருப்பவருக்குப் பாயைப் பற்றியதல்லாத ஒரு வேலையும் வேண்டும் போலும்.

அச்சியந்திரம் 1917இல் வந்தது. விலை 19 பவுண் 5 ஷிலிங் 5 பென்ஸ். மூளைக்கு ஓய்வும் கைக்கு வேலையும் கொடுத்தால் மனைவிக்கு நலம் என்பது கணவரின் எண்ணம். கணவருக்குப் பிறவியிலேயே கைநடுக்கம்; ஆகவே எழுத்துக் கோத்தவர் மனைவி, இயந்திரத்தை இயக்கியவர் கணவர். இருவரும் ஆளுக்கொரு கதை எழுதி, 1917 ஜூலையில் ஏறக்குறைய 150 பிரதிகள் அச்சிட்டனர். ஹோகாத் பதிப்பகம் பிறந்த கதை இதுதான். அடுத்த மாதம் வேர்ஜினியா, நோயால் இரண்டாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த தம் நாட்குறிப்பை மறுபடி தொடங்கினார். அவ்வரிகளைப் பார்த்தால் அவை பெரும் எழுத்தாளர் ஒருவரின் வரிகள் என்றே தோன்றாது. எத்தனை காளான் பொறுக்கினோம், எந்த வண்ணத்துப்பூச்சி பறந்தது, மழை பெய்ததா என்ற சிறு செய்திகளே. கணவரின் குறிப்புகளைப் போன்ற வறண்ட வரிகள். அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு அவர் எழுந்தார். 1941 மார்ச் 28ஆம் நாள், நோய் மறுபடியும் வந்தபோது, தம்முயிரைத் தாமே முடித்துக்கொண்டாராயினும், இடையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் எழுதினார்.

மறையெழுத்துக்கு நேர்மாறான வழியிற் சென்றவரும் உண்டு. ஒக்ஸ்போட் பேராசிரியர் ஜோன் பெய்லியின் மனைவி ஐரிஸ் மேர்டொக், 26 நாவல்கள் எழுதியவர். முதுமையில் அல்சைமர் நோய் அவருடைய நினைவைப் பறித்தது. காலையில் மனைவி அருகே உறங்கிக்கொண்டிருக்க, பெய்லி கட்டிலிலேயே தட்டச்சுப்பொறியை மடியில் வைத்து எழுதினார். அந்நூல் 1998இல், மனைவி உயிரோடிருக்கையிலேயே வெளிவந்தது. மனைவி 1999 பெப்ரவரியிற் காலமானார். அந்நூலிலே அன்பு நிறைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும், தம்மைப் பற்றி எழுதியதை அறியவோ, வேண்டாம் என்று சொல்லவோ இயலாத ஒருவரை ஊரறியக் காட்டலாமா என்று பலர் வினவினர். நியாயமான வினாவே. எழுதுவது ஒன்று, வெளியிடுவது வேறொன்று. எழுதியது பெய்லியின் உரிமை. வெளியிடும்போது மற்றவரின் மானமும் சேர்ந்து அச்சேறுகிறது. இவ்விடயத்தில் நம் மனம் வூல்ஃபின் பக்கமே சாய்கிறது.

எழுத்து உடலுக்கும் நன்மை செய்யுமா என்று ஆராய்ந்தோரும் உளர். 1986இல் அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சான்ட்ரா பீலும் 46 மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். தம்மை வருத்திய நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் நாளுக்குக் கால்மணிநேரம், நான்கு நாள் எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் வைத்தியரைக் குறைவாகவே நாடினர். ஆனால் எழுதி முடித்தவுடன் அவர்களுடைய மனம் முன்னிலும் வாடியிருந்தது. அவர்கள் இளம் மாணவர்; இரவு பகலாக நோயாளியைப் பார்த்தவரல்லர். ஆகவே இதனைப் பெரிதாக நீட்டிச் சொல்லாது விடுகின்றோம்.

நம் வீடுகளில் இது எங்ஙனம் இயலும்? ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். கைத்தொலைபேசியிலும் எழுதலாம், ஆயினும் தலையணைக்கடியில் வைக்கத்தக்க கொப்பியே நமக்குப் பிடித்தமானது. கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், உண்டது, உறங்கியது, அடுத்த முறை வைத்தியரிடம் கேட்க வேண்டியது ஆகியவற்றை எழுதலாம். வைத்தியர் முன்னிலையில் நம்மவர் பலருக்கு வாய் அடைத்துப்போகும். கொப்பி அப்பொழுது பேசும். அதன் அடியிலே தம்மைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். “இன்று எனக்குக் கோபம் வந்தது” என்றிருந்தாலும் குற்றமில்லை. அந்தக் கோபம் பாயிற் கிடப்பவர்மேற் பாயாமல் தாளிலே தங்கிவிட்டதே! மூத்த பிள்ளை எழுத வல்லதாயின் தாய் சொல்ல அது எழுதலாம். எழுதப் படிக்க அறியாத பெற்றோர் வீட்டில் மாணவர் செய்யத்தக்க பணி இது.

அக்கொப்பியைப் பின்னர் என்ன செய்வது? சிலர் அந்தியேட்டியோடு எரித்துவிடுவர். சிலர் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். வூல்ஃப் வைத்திருந்தார். 1964இல், தமது 83ஆம் வயதில், அந்நோய்க்காலத்தை விரிவாக எழுதித் தம் சுயசரிதையின் மூன்றாம் பாகமாக வெளியிட்டார். 1969 ஆகஸ்ட் 14ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய தாள்கள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. 1913ஆம் ஆண்டின் சிறு குறிப்பேட்டில், ஆங்கில நாட்களுக்கும் மாதங்களுக்கும் கீழே, யாழ்ப்பாணத்திற் கற்ற எழுத்துக்கள் இன்றும் இருக்கின்றன.