லினக்ஸ் கணினியில் இறுவட்டு எழுதும் முறை

ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கும் நீருக்கும் பறிகொடுத்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. இந்நாளிற் கணினியிற் சேர்த்து வைக்கும் எழுத்தும் படமும் ஒலியும் அவ்வாறே நொடிப்பொழுதில் மறைதல் கூடும். அவற்றைத் தனியே எடுத்துக் காத்தற்குரிய வழிகளுள் ஒன்று, இறுவட்டில் எழுதி வைத்தலாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் அதனைச் செய்யும் முறையைப் புதிதாய்ப் புகுவோர்க்கு விளங்குமாறு ஈண்டு கூறப் புகுந்தேன். யான் கணினி வல்லுநன் அல்லேன், தமிழாசிரியன். பிழைபட்டுக் கற்றவற்றையே எழுதுகின்றேன்.

ஆங்கில வழக்கைத் தழுவி இதனை "இறுவட்டு எரித்தல்" என்பர். 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டமையை அறிந்த நமக்கு அச்சொல் இனிதாகத் தோன்றாது. ஆயினும் அதற்குக் காரணம் உண்டு. வெறும் இறுவட்டினுள் ஒரு சாயப்படலம் உளது. லேசர் ஒளி அதனை இடையிடையே சுட்டு மாற்றுகின்றது. மாறிய இடமும் மாறாத இடமும் ஒளியை வெவ்வேறாகத் தெறிக்கச் செய்தலின், அவ்வேறுபாடே பின்னர் எழுத்தாகப் படிக்கப்படுகின்றது. ஓலையிற் கீறிய எழுத்துப்போல, 'ஆர்' வகை வட்டில் எழுதியதை அழித்தெழுதல் இயலாது. 'ஆர்டபிள்யூ' வகையில் அது இயலும். சீடி வட்டு ஏறக்குறைய 700 மெகாபைற்றும், டீவீடி வட்டு 4.7 கிகாபைற்றும் கொள்ளும்.

லினக்ஸ், பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கி, பின்னர்ப் பலர் கூடி வளர்த்தது. அதில் வட்டெழுதும் மென்பொருள்கள் பல உள. கே.டி.ஈ. திரைச்சூழலுக்குக் கே3பியும், குனோம் சூழலுக்குப் பிரசேரோவும், வலுக்குறைந்த பழைய கணினிகளுக்கு எக்ஸ்எஃப்பேர்னும் பொருந்தும். கே3பியையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது தானே வட்டில் எழுதுவதன்று. அண்ணாவியார் நடத்தப் பிறர் ஆடுங் கூத்துப்போல, நமது கட்டளையைப் பெற்று வேறு சிறு நிரல்களை ஏவுவது. அந்நிரல்களுள் ஒன்றாகிய சீடிரெக்கோர்ட், உரிமம் பற்றிய பிணக்கினால் 2006 இல் டெபியன் குழுவினரால் வோடிம் என்னும் பெயரில் வேறு பிரிக்கப்பட்டது. இரண்டில் எப்பெயரைக் காணினும் மயங்கற்க.

இனி, செய்முறை. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் வட்டிடும் பகுதி இல்லை. ஆதலின் யூஎஸ்பி வழியாக இணைக்கும் எழுதுகருவி ஒன்று வேண்டும். அது படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுதற்கும் உரியதா என முதலில் அறிக. பின்னர், கணினியிலுள்ள மென்பொருள் நிலையத்தைத் திறந்து, கே3பி எனத் தேடி, கடவுச்சொல்லைக் கொடுத்து நிறுவுக. துணை நிரல்களையும் அதுவே கொணரும். பிற இடங்களிலிருந்து தரவிறக்குதல் வேண்டா. எழுத உரிமையில்லை என்னுஞ் செய்தி தோன்றினால், டெபியன், உபுந்து முதலியவற்றில் நும் பெயர் 'சீடிரொம்' என்னுங் குழுவில் உளதா என நோக்குக. இல்லையெனிற் சேர்த்து, கணினியினின்று வெளியேறி மீண்டும் உட்புகுக.

அடுத்து, புதிய தரவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வேண்டிய கோப்புகளை இழுத்து அதனுள் இடுக. அவை வட்டிற் கொள்ளுமா என்பதைக் கீழேயுள்ள அளவுப்பட்டை காட்டும். தமிழிற் பெயரிட்ட கோப்புகளாயின் ஒன்றை மறவற்க. வட்டுகளுக்குரிய ஐஎஸ்ஓ 9660 என்னும் நியமம், தன் முதல் வடிவில் உரோம எழுத்துகளையும் இலக்கங்களையும் மட்டுமே ஏற்பது. தமிழ்ப் பெயர்கள் சிதையாதிருக்க ரொக் றிட்ஜ், ஜோலியற் என்னும் விரிவுகள் வேண்டும். கோப்பு முறைமைப் பகுதியில் லினக்சுக்கும் விண்டோசுக்கும் பொதுவான தெரிவைக் கொண்டால் இரண்டும் அமையும்.

இயங்குதளம் போன்றவற்றை ஐஎஸ்ஓ படிமமாகத் தரவிறக்கினால், அதனை ஏனைய கோப்புகள்போல் இழுத்திடலாகாது. 'படிமத்தை எழுதுக' என்னும் தெரிவின் வழியே எழுதுக. இல்லையேல் அவ்வட்டிலிருந்து கணினி தொடங்காது.

இறுதியாக, எழுதியதைச் சரிபார்க்கும் கட்டத்தில் அடையாளமிடுக. சில யாண்டுகட்கு முன், எனக்கு இலக்கணம் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவரின் உரையைப் பதிந்து வட்டில் எழுதினேன். 'முடிந்தது' என்னுஞ் செய்தியைக் கண்டதும் கணினியிலிருந்த மூலத்தை நீக்கிவிட்டேன். திங்கள் சில கழித்து வட்டை இட்டபோது கோப்பின் பெயர் தோன்றிற்று, ஒலி எழவில்லை. அதற்குள் அன்னார் இறைவனடி சேர்ந்திருந்தார். பிழை மென்பொருளினதன்று, சில நிமிடம் பொறுத்துச் சரிபாராத என்னுடையதே.

பழைய மாணவராகிய அன்பர் பலரின் இல்லங்களிற் கல்லூரியின் பழைய மலர்களும் ஒளிப்படங்களும் உள்ளன. அவற்றைப் படியெடுத்து, எழுதி, சரிபார்த்து, இரு வட்டுகளாக்குக. வெயில் படாத இடத்தில் ஒன்றை நும்மிடம் வைத்து, மற்றொன்றைக் கல்லூரி நூலகத்திற்கு அனுப்புக. மூலத்தையும் நீக்கற்க. பெற்ற வட்டுகளை ஆண்டுதோறும் இட்டுப் பார்க்கும் பணியை மேல்வகுப்பு மாணாக்கரோடு சேர்ந்து யானும் மேற்கொள்வேன்.