டொம்மும் ஜெரியும் வாழும் வீட்டில் முகமில்லாத ஒரு பெண்

"காட்டூன்தானே, பார்த்துக்கொண்டு இருக்கட்டும்" என்று கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகும் தாய்மாரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களைக் குறை கூற வரவில்லை. அடுப்பில் சோறு பொங்கும்போது வேறு என்னதான் செய்வது? ஆனால், கிழமையில் ஒரு தடவையாவது பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

பழைய அமெரிக்கக் காட்டூன்கள் சிறுவருக்கென்று மட்டும் தயாரிக்கப்பட்டவை அல்ல. 1930களிலும் 40களிலும் திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்பாகக் காட்டப்பட்ட ஏழெட்டு நிமிடப் படங்கள் அவை. பெரியவர்களும் சேர்ந்தே பார்த்தார்கள். அதனால் அவர்கள் அறிந்திருந்த நடிகர்கள், பாடல்கள், போர்ச் செய்திகள் எல்லாம் நகைச்சுவைக்குள் ஒளித்து வைக்கப்பட்டன. மிக்கி மவுஸின் 'ஸ்டீம்போட் வில்லி' (1928) என்ற பெயரே, அதே ஆண்டில் வெளியான பஸ்டர் கீற்றனின் திரைப்படப் பெயரைக் கேலி செய்வதுதான். பக்ஸ் பனி என்ற முயல் கரட்டைக் கடித்தபடி அலட்சியமாகப் பேசுகிறதல்லவா? 1934 இல் வந்த ஒரு படத்தில் கிளார்க் கேபிள் என்ற நடிகர் வேலியில் சாய்ந்து அப்படித்தான் பேசுவார். அன்றைய இரசிகர்களுக்கு அது உடனே பிடிபட்டது. நமது பிள்ளைகளுக்கு அது வெறும் முயல்.

முதலில் காட்டுவதற்கு 1947 இல் வெளியான 'த கட் கொன்சேர்ட்டோ' நல்லது. டொம் கோட் அணிந்து பியானோ வாசிக்கிறது. உள்ளே தூங்கிய ஜெரி விழித்துக்கொண்டு குழப்புகிறது. வாசிக்கப்படுவது ஹங்கேரிய இசைமேதை லிஸ்ட்டின் புகழ்பெற்ற படைப்பு. பார்த்து முடிந்ததும் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்யுங்கள். "இப்போது எலி ஓடுகிறது" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒளிந்திருப்பவை எல்லாம் இவ்வளவு இனிமையானவை அல்ல. நான் பணிபுரியும் கிராமத்துச் சிறுவர் கழகத்தில் டொம் அன்ட் ஜெரி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "மிஸ், அந்த அன்ரிக்கு ஏன் முகம் இல்ல?" அதன் தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். மற்றப் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வி எனக்கு மட்டும்தான் கேட்டது.

தடித்த கால்களும் விளக்குமாறுமாக வரும் அந்தப் பெண், 1940 முதல் 1952 வரையான படங்களில் தோன்றும் கறுப்பினப் பணிப்பெண். அவளுக்குக் குரல் கொடுத்தவர் லிலியன் ரண்டொல்ஃப் என்ற கறுப்பின நடிகை. வெள்ளையர் வீடுகளில் உழைத்த கறுப்பினப் பெண்களைப் பற்றி அன்றைய ஹொலிவூட் வைத்திருந்த அச்சு அது: பருத்த உடல், உரத்த குரல், சொந்தக் கதை ஏதுமில்லை. வெடித்ததும் டொம்மின் முகம் கறுத்துப்போகும் சிரிப்பும் இதே வழியில் வந்ததுதான். 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை நீக்கி, மெலிந்த வெள்ளைப் பெண்ணை வரைந்து சேர்த்தார்கள். அது தீர்வா என்ன? இருந்த முகமின்மையும் போய் ஆளே இல்லாமற் போனாள்.

2005 இல் வந்த பழைய வோர்னர் காட்டூன் டீவீடித் தொகுப்பொன்றில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பேர்க் தோன்றி, இத்தகைய காட்சிகள் தவறானவை, ஆனால் வெட்டி மறைப்பது அவை நடக்கவே இல்லை என்பதற்குச் சமம் என்ற கருத்தைக் கூறுகிறார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம், சிரித்துவிட்டுப் போகட்டும். எட்டு, ஒன்பது வயதில் தானாகவே கேட்கும்.

அந்தப் பிள்ளைக்கு, "வரைந்தவர்கள் அந்த அன்ரியைப் பற்றி யோசிக்கவில்லை" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு தாளை எடுத்து விளக்குமாறு பிடித்த பெண்ணொருத்தியை வரைந்தது. கண், மூக்கு, பொட்டு, எல்லாம் வைத்து.