அறுபதாவது யூனிட்டும் அடுப்படிச் சுவரும்

"ராத்திரி முழுக்கச் சத்தமே இல்ல தம்பி, பழுதாகிருச்சோ?" என்று கேட்டார் ஓர் அக்கா. 2020 ஜனவரி, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பரா. தவணைக்கு வாங்கிய ஒற்றைக் கதவு பிரிஜ் அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றது. மேல்தட்டில் வைத்திருந்த மீன் இளகிப்போய், பனிக்கட்டி உருகிய நீர் தட்டில் தேங்கியிருந்தது. கையில் இரண்டு கரண்ட் பில்கள். பிரிஜ் வருவதற்கு முன் 45 யூனிட், 207 ரூபாய் 75 சதம். வந்த பிறகு 66 யூனிட், 621 ரூபாய். அன்று தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய்.

ராத்திரியில் ஓடாத பெட்டி பில்லை மட்டும் எப்படி மூன்று மடங்காக்கும்? அக்காவின் கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் பில். 2022 ஓகஸ்ட் வரை பல ஆண்டுகள் இருந்த கட்டண முறையில், முப்பதைத் தாண்டி 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் தலா 2.50, அடுத்த 30 யூனிட் தலா 4.85 ரூபாய், நிலையான கட்டணம் 60. அறுபதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே கணக்கு மாறுகிறது. அறுபதும் தலா 7.85, அதற்கு மேல் தலா 10, நிலையான கட்டணம் 90. 60 யூனிட் எரித்த வீடு 280 ரூபாய் 50 சதம் கட்டும். 61 எரித்த வீடு 571 ரூபாய் கட்டும். அந்த ஒரு யூனிட்டின் விலை 290 ரூபாய் 50 சதம்! அக்காவின் பிரிஜ் தின்றது 21 யூனிட்தான். ஆனால் அது வீட்டையே படி தாண்ட வைத்துவிட்டது.

அதன் பின் விலைகள் ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். 30 யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு யூனிட் 2.50 ஆக இருந்தது 2022 ஓகஸ்டில் 8 ரூபாய், 2023 பெப்ரவரியில் 30 ரூபாய் என்று ஏறி, பிறகு இறங்கியது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அறுபதில் இருக்கும் படி அப்படியேதான் இருக்கிறது. அதனால் மலையகத்தில் பிரிஜ் வாங்குகிறவர் கடைக்காரரிடம் "எத்தனை யூனிட் இழுக்கும்" என்று கேட்பதோடு நிற்காமல், தன் வீட்டுப் பழைய பில்லில் அறுபதுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்துக்குள் பிரிஜை அடக்க மலை நமக்கு உதவுகிறது. மேலே ஏற ஏற, ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் காற்று ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிர்கிறது. கொழும்பில் 28 பாகை என்றால், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 16. ஆண்டுச் சராசரியும் அதுதான். ஹட்டன் 600 மீற்றர் கீழே இருப்பதால் அங்கே நாலு பாகை கூட.

பிரிஜ் தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை. சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் உள்ளே கசியும் வெப்பத்தை அள்ளி, பின்பக்கத்துக் கருங்கம்பிச் சுருளில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே 4 பாகை, வெளியே 28 என்றால் இடைவெளி 24. வெளியே 16 என்றால் 12. கசியும் வெப்பம் பாதியாகிறது. அதோடு, கொழுந்துக் கூடையோடு, அதை நிறுக்கும் மடுவத்துக்கு ஏறுகிறவர்களுக்குத் தெரியும்: களைப்பு பாரத்தால் மட்டும் வருவதல்ல, ஏற்றத்தாலும் வரும். வெளியே குளிராக இருக்கும்போது வெப்பத்தை அள்ளும் மோட்டரான கொம்பிரசருக்குப் பாரமும் குறைவு, ஏற்றமும் குறைவு. ஐஸ் தட்டில் இந்த ஆதாயம் அவ்வளவு இல்லை. அங்கே குளிர் பூச்சியத்துக்கும் கீழே போவதால் இடைவெளி பெரிதாகவே இருக்கும். மொத்தத்தில் கொழும்பில் இழுக்கும் மின்சாரத்தில் பாதியளவே நுவரெலியாவில் போதும் என்று எதிர்பார்க்கலாம். பிரிஜ்களைச் சோதிக்கும் சர்வதேசத் தரவிதி மின் செலவை இரண்டு வெப்பநிலைகளில் அளக்கச் சொல்கிறது: 32 பாகை, 16 பாகை. இரண்டாவது நம்முடைய நுவரெலியா.

அப்படியிருக்க அக்காவின் பிரிஜ் 21 யூனிட் இழுத்தது ஏன்? அதன் பின்பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுவர் சுட்டது. மறுபக்கம் விறகடுப்பு. விடியற்காலை நாலரைக்கு ரொட்டி சுடத் தொடங்கினால் இரவு சமையல் முடியும்வரை அந்தச் சுவர் ஆறுவதே இல்லை. கம்பிச் சுருளுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் நுழையவில்லை. சுருள் முழுக்கப் புகைக்கரி அப்பியிருந்தது. வெளியே மூடுபனி இறங்கியிருக்க, பெட்டி மட்டும் கொழும்பு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வேறு எங்கே வைப்பது என்று கேட்டால் அதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு அந்த அளவு இடம் போதும் என்று நூறு வருடத்துக்கு முன் முடிவெடுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

இரவுச் சத்தத்துக்கு வருவோம். சாதாரண ஒற்றைக் கதவுப் பெட்டியில் வெப்பத்தைப் பார்த்து மோட்டரை இயக்கும் கருவி ஒன்றுதான். அது ஐஸ் தட்டைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் இரவுகளில், அடுப்பு அணைந்த காம்பராவும் ஏழெட்டுப் பாகைக்கு இறங்கிவிடும். கீழறை தானாகவே குளிர்ந்து கிடப்பதால் வேலை முடிந்தது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. கொம்பிரசர் மணிக்கணக்கில் ஓடாது. அந்த நேரத்தில் மேலே ஐஸ் உருகும். வெப்ப நாடுகளுக்கென்று செய்யப்படும் பிரிஜ்கள் 16 முதல் 43 பாகை வரையுள்ள அறைக்காக வடிவமைக்கப்பட்டவை. அதற்குக் கீழே அவை ஒழுங்காக இயங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. பெட்டியில் பழுது இல்லை. குளிர்மாதத்தில் மீனை நாள்கணக்கில் அதில் நம்பி வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

இன்சுலின் வைக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அதற்கு 2 முதல் 8 பாகை வேண்டும். ஐஸ் தட்டுக்கு அருகிலோ பின்சுவரில் ஒட்டியோ வைத்தால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பிரிஜை ஓட்டும் மின்சாரமும் இந்த மலையில் பிறப்பதுதான். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தேங்கும் நீர்தான் லக்சபானை மின்நிலையத் தொகுதியின் சுழலிகளைச் சுற்றுகிறது. இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். 1950இல் அத்தொகுதியின் முதல் நிலையம் இயங்கியது. அங்கிருந்து போன மின்கம்பிகளுக்குக் கீழே கொழுந்து பறித்தவர்களின் லயங்களில் குப்பிவிளக்கு எரிந்தது அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம். இன்று அதே வீட்டில் ஒரு பிரிஜ் வந்து நிற்கும்போது, அறுபதாவது யூனிட் அதை அணைக்கச் சொல்லக் கூடாது என்பது என் ஆசை.

அன்று மாலை அக்காவின் மகனும் நானும் பெட்டியை உள் காம்பராவுக்கு மாற்றினோம். கட்டிலை ஒரு முழம் நகர்த்த வேண்டியிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பல்துலக்கியால் சுருளைத் துடைத்தபோது கரி ஒரு சிரட்டை அளவு வந்தது. சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டோம். கதவு ரப்பரில் காகிதத் துண்டைச் செருகி இழுத்துப் பார்த்தோம். ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது, வெந்நீர்த் துணியால் ஒற்றியதும் பிடித்துக்கொண்டது.

அடுத்த மாதப் பில்லை அக்கா எடுத்துவைத்திருந்தார். 57 யூனிட், 265 ரூபாய் 95 சதம்.